மருதம்பட்டையில் ஒரு உள்ளங்கை

வாகைப்புரத்துப் பஸ் நிறுத்தத்தில் நின்ற மருத மரத்தை வெட்டிச் சாய்த்து நாற்பத்தோரு நாள் கழித்து, அந்த மரத்தை அறுத்த பலகையின் பட்டையில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மனுசச் சூடு இருப்பதைச் செண்பகவடிவு கண்டுகொண்டாள். அவள் கூச்சல் போடவில்லை, மயங்கி விழவில்லை, கையில் இருந்த தேங்காய்நார்ப் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள், முந்தானையால் மூக்கைத் துடைத்தாள், பிறகு பட்டையைப் பார்த்து, "வந்துட்டீயளா?" என்று மட்டும் கேட்டாள்.

செங்கோட்டைக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில், ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மரம் அறுக்கிற மில்லுகளாக நிறைந்து கிடக்கிற ஊர் வாகைப்புரம். அங்கே சேவலுக்கு முந்தி அறுவை மிஷின் கூவும், மரத்தூள் விழாத சோறு கிடையாது, மரத்தூள் ஏறாத தலைமுடி கிடையாது. கொம்பையா முதலாளியின் மில்லில் செண்பகவடிவு இருபது வருசமாகப் பட்டை உரித்தாள். லாரியில் வந்து இறங்குகிற தடிகளை உருட்டிப் போட்டு, வலது கையில் வளைகத்தியை வைத்துப் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே விட்டு ஒரு நெம்பு நெம்பினால், பட்டை பாளம் பாளமாகக் கழன்று அவள் இடது கைக்கு வரும். கீழே விழுந்தால் மண் ஒட்டும், மண் ஒட்டிய பட்டையைச் சூளைக்காரன் எடுக்கமாட்டான், அதனால் கத்தி போகிற இடத்துக்கெல்லாம் இடது கை தானாகப் போய் ஏந்திக்கொள்ளும். அசந்து தூங்கும்போதும் அந்தக் கை பாயைவிட்டு வெளியே நீண்டு ஏந்தினபடியே கிடக்கும். "யாருட்ட பிச்சை கேக்குறா பாரு எம்பொண்டாட்டி, கனவுல கூட" என்று அவள் புருசன் மாடக்கண்ணு மகளிடம் காட்டிச் சிரிப்பார்.

பிறகு காலம் மாறிற்று. பட்டணத்துக்காரர்களுக்கு வழுவழுப்பான மேசை அலுத்துப்போய், மரம் எப்படி நின்றதோ அப்படியே, ஓரத்தில் பட்டையோடு வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. "வடிவு, இனிமே பட்டையை உரிக்கப்படாது, உரியாமக் காப்பாத்தணும்" என்று கொம்பையா முதலாளி சொன்னார். மிஷின் ஓட்டுகிற பிச்சைக்கனி அன்றைக்கு முழுக்கச் சிரித்தார். "இருவது வருசம் மரத்துக்குச் சேலைய உருவினவ, இப்ப கட்டிவிடப் போறா" என்றார். "ஒமக்கு ஒரு வேட்டி ஒழுங்காக் கட்டத் தெரியுதாவே, மரத்தைச் சொல்ல வந்துட்டீரு" என்று செண்பகவடிவும் விட்டுக்கொடுக்கவில்லை. உரிக்கத் தெரிந்தவளுக்குத்தான் பட்டை எங்கே பிடித்திருக்கும், எங்கே விட்டிருக்கும் என்பது தெரியும். விரல் முட்டியால் தட்டினால் கெட்டியாகச் சத்தம் வந்தால் பிடித்திருக்கிறது, பொத்தென்று கேட்டால் விட்டிருக்கிறது. ஒரு மாதத்துக்குள் அவள் அந்த வேலையிலும் கைதேர்ந்துவிட்டாள்.

மாடக்கண்ணு மரம் ஏறிக் கிளை கழிக்கிறவர். பஸ் நிறுத்தத்து மருதத்தை ரோடு அகலப்படுத்த வெட்டவேண்டும் என்று ஐப்பசியில் காண்ட்ராக்டரின் ஆள் வந்தபோது, "ஐயா, மழை பெய்ஞ்சு மரத்துல நீரேறிக் கெடக்கு, வளர்பிறை வேற. இப்பத் தொட்டா பட்டையும் நிக்காது, புழுவும் விழும். தை மாசம் தேய்பிறையில வச்சுக்கிடுவோம்" என்று சொல்லிப் பார்த்தார். "ரோடு ஒம்ம தேய்பிறைக்குக் காத்துக்கிட்டுக் கெடக்குமா?" என்று அவன் கேட்டான். ஏறினார். நீர் ஏறிய கிளை கணக்கில் வராத கனம் கனத்து, அறுந்ததும் கயிற்றோடு ஊஞ்சல்போல் திரும்பி வந்து அவர் நெஞ்சில் அடித்தது. இரண்டு கிளையாக மரம் பிரிகிற கவையை இடது கையால் ஒரு கணம் பிடித்தார், கீழே நின்று பார்த்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள், பிறகு கையை விட்டார். அந்த இடது கையில் மோதிர விரல் பாதிதான் உண்டு. மீதிப் பாதியை மில்லு மிஷின் பழைய காலத்திலேயே வாங்கிக்கொண்டது.

ஒரே மகள் கோமு அப்போது மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒப்பந்தம் முடியாமல் அனுப்பமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எடுக்கிற நேரத்தில் போனைப் பிடித்து அவளுக்கு அப்பா முகத்தைக் காட்டினார்கள்; காட்டிக்கொண்டிருக்கும்போதே படம் அசையாமல் நின்றுபோய், யாரோ ஒருத்தருடைய முழங்கையும் ஒரு செவ்வந்தி மாலையும் மட்டும் அவளுக்குத் தெரிந்தபடி இருந்தன. "முகத்தைப் பாக்கலியேம்மா" என்று அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் சொல்வாள். செண்பகவடிவு உடனே, சாப்பிட்டாயா என்று கேட்பாள்.

காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்கு வந்தபோது, அந்த மருதத்தையே அறுத்து, இரண்டு ஓரமும் பட்டையோடு, பதினாலு அடி நீளத்தில் ஒரு பலகையைக் கொட்டகையில் கிடத்தியிருந்தார்கள். கொச்சியில் புதிதாகக் கட்டுகிற ஒரு ஹோட்டலுக்குச் சாப்பாட்டு மேசை. "வேற யாராவது பாக்கட்டும், நீ வேண்டாம்" என்றார் முதலாளி. "வேற யாரு பாத்தாலும் பட்டை நிக்காது முதலாளி" என்று சொல்லிவிட்டு அவள் பிரஷ்ஷை எடுத்தாள். புழு துளைத்த ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, பட்டைக்குப் பக்கவாட்டில் கன்னத்தை வைத்து, பொடியை ஊதி ஊதிப் பார்ப்பது வழக்கம். கவை வரைக்கும் ஊதிக்கொண்டே வந்தவள் கன்னத்தில், தொடாமலே, ஒரு கை வந்து நின்றதுபோல் சூடு தட்டியது. நகர்ந்து பார்த்தாள், சூடு இல்லை. திரும்பி வந்தாள், இருந்தது. கன்னத்தை நூல்நூலாக நகர்த்தி அதன் ஓரத்தை அளந்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், பிறகு பாதியில் நின்றுபோன ஒரு சூடு, பிறகு சுண்டுவிரல். அப்போதுதான் அவள் வந்துட்டீயளா என்று கேட்டது.

ஊருக்குச் சேதி போனது. ஊரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. முதலில் வந்தவள் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கிற உலகம்மாள். அவளுடைய ஆத்தா சாகிறவரைக்கும் அந்த மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துதான் வெற்றிலை போடுவாள். உலகம்மாள் பட்டையின் அடிப்பக்கமாகக் கையை ஆட்டி ஆட்டித் தேடி, ஒடுங்கிப்போன ஒரு முதுகின் சூட்டைக் கண்டுபிடித்து, "எம்மா" என்று அப்படியே தன் முதுகைக் கொண்டுபோய் அதில் சாய்த்துக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் அழுதுவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் டீக்கடையைத் திறக்காமல் ஓடிவந்து பார்த்தால், அங்கே அகலமான, உப்பின, டீக்கடைக்காரி முதுகுதான் சூடாக இருந்தது. கடைசியாகத் தொட்டவர் சூடு மட்டும்தான் பட்டையில் நிற்கும் என்பது அவளுக்கும், அவள் வழியாக ஊருக்கும் அப்படித்தான் தெரிந்தது. "எங்காத்தாவை நானே அழிச்சிட்டனே வடிவு மதினி" என்று உலகம்மாள் மண்ணில் உட்கார்ந்தாள். செண்பகவடிவு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "தெரியாமத்தானே செஞ்ச. யாருக்குத் தெரியும் இப்பிடின்னு" என்று அவள் தலையைத் தடவினாள். அன்றைக்கு அவள் மனசில் ஒன்று முடிவாயிற்று: தன் வீட்டுக்காரர் கையைத் தான் தொடக்கூடாது. தொட்டால் அது ஒரே ஒரு தடவைக்குத்தான். அந்த ஒரு தடவை, முகம் பார்க்காத கோமுவுக்கு.

அதற்குப் பிறகு ஊர் ஒரு முறைக்கு வந்துவிட்டது. கையை ஒரு நெல்மணி உயரத்துக்கு மேலே நிறுத்திக்கொள்ள வேண்டும், அதற்குக் கீழே இறக்கக்கூடாது; சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அந்த நெல்லளவு பழகிவிட்டது. யார் யார் சூடு எங்கே என்று சாக்கட்டியால் வட்டம் போட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மிஷினை நிறுத்தி, ஊர் சனத்தை விடுவதென்று முதலாளி ஒத்துக்கொண்டார். கல்யாணம் முடிந்த பெண்கள் மாப்பிள்ளையைக் கூட்டிவந்து, "இவுகதான் எங்க பெரியப்பா" என்று ஒரு தோளைக் காட்டினார்கள். முழங்கால் உயரத்தில் ஒரு சூடு, மேலே பஸ் ஏறிச் செத்துப்போன செவலை நாய் முதுகைத் தேய்த்த இடம். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அதற்கு மட்டும் தனியாக வந்தார்கள். புருசன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன சுப்புத்தாய் வாரம் தவறாமல் வந்து, அவன் பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்துக்கு நேரே நின்று, ஒரு நெல் தள்ளி, அரைமணி நேரம் வாய் ஓயாமல் ஏசிவிட்டுப் போவாள். ஒரு தோளுக்கு இரண்டு குடும்பம் சொந்தம் கொண்டாடிச் சண்டை வந்தது. அந்தக் குடும்பத்துக்குச் செவ்வாய், இந்தக் குடும்பத்துக்கு வெள்ளி என்று தீர்த்துவைத்து, இரண்டு பேரும் மூணு வாரம் அழுத பிறகு, ஓய்வுபெற்ற தபால்காரர் வேலாண்டி பொறுக்கமாட்டாமல் வந்து, "அது என் தோளுவே, நான் உசிரோடதான இருக்கேன்" என்றார். "நீரு சும்மா இரும்" என்று இரண்டு குடும்பமும் அவரை அதட்டி அனுப்பிவிட்டு, வழக்கம்போல் அழுதார்கள்.

கொம்பையா முதலாளியும் ஒருநாள் ஆள் இல்லாத நேரத்தில் வந்து, ஒரு முதுகுக்கு நேரே கையை நீட்டியபடி நின்றார். பங்குச் சண்டையில் பதினாலு வருசமாகப் பேசாத அண்ணன், ஊரைவிட்டுப் போன அன்றைக்குச் சாய்ந்து நின்ற இடம். செண்பகவடிவு பார்த்தும் பார்க்காததுபோல் பசை கலக்கிக்கொண்டிருந்தாள்.

ஆனால் மாடக்கண்ணு சொன்னபடியே, நீரேறிய காலத்தில் வெட்டிய மரத்தில் பட்டை நிற்க மறுத்தது. மருதம் சும்மா நிற்கும்போதே செதில் செதிலாக உரிகிற சாதி. அதோடு வளர்பிறை வேறு. மாசியில் புழு விழுந்தது. அவள் போரிக் பவுடரைச் சுடுதண்ணீரில் கரைத்து, வேப்பெண்ணெய் கலந்து, ஓட்டை ஓட்டையாக விட்டாள். வெயில் படாமல் சாக்குப் படுதா கட்டினாள், இரண்டு முனையிலும் மெழுகு பூசினாள், ஈரம் பைய இறங்க வேண்டும், வெரசாக இறங்கினால் மரம் சுருங்கிப் பட்டையைத் தள்ளிவிடும் என்று, குழந்தையைக் குளிப்பாட்டின பிறகு காற்றுப் படாமல் வைத்திருப்பதுபோல் அந்தப் பலகையை வைத்திருந்தாள். பட்டை விட்ட இடத்தில் மருந்துக்கடையில் வாங்கிய சிரிஞ்சால் பின்பக்கம் பசையை ஏற்றி, சைக்கிள் டியூப்பைக் கீறிய பட்டியால் இறுக்கிக் கட்டினாள். கவையில் மட்டும் டியூப் சுற்றவில்லை. வீட்டிலிருந்து மணல் நிரப்பிய சின்னத் துணிப்பையைக் கொண்டுவந்து, கயிற்றில் தொங்கவிட்டு, தன் விரல் படாமல் அதன்மேல் பாரமாக இறக்கினாள். மணலுக்குச் சூடு கிடையாது, அது எதையும் அழிக்கவில்லை.

"சிரிஞ்சு எதுக்கும்மா உனக்கு?" என்று கோமு போனில் கேட்டாள்.

"நீ மனுசனுக்குப் போடுத, நான் மரத்துக்குப் போடுதேன்."

"எத்தனை மில்லி?"

"பத்து."

"காத்து ஏறாமப் பாத்துக்கோ."

இரண்டு பேரும் சிரித்தார்கள், அப்பா போனபிறகு முதல் தடவையாக. சிரிப்பு முடிந்ததும் செண்பகவடிவு, "ஏட்டி, ஒங்க அப்பா கை இருக்கு. ஒனக்குன்னு வச்சிருக்கேன். நான் தொடல" என்றாள். அந்தப் பக்கம் போனைக் காது மாற்றி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு கோமு, "மோதிர விரலு?" என்றாள்.

"பாதிதான் இருக்கு."

"ஐப்பசியில ஒப்பந்தம் முடியுதும்மா. முதல் வருசத் திதிக்கு வந்துருவேன். அதுவரைக்கும் நிக்குமா?"

"நிக்க வைப்பேன்" என்றாள் செண்பகவடிவு. இருபது வருசமாகத் தான் உரித்துப் போட்ட பட்டையெல்லாம் ஒரு நிமிசம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்துபோனது.

ஆனியில் சாரல் வந்தது. குற்றாலத்துப் பக்கமிருந்து ஈரக்காற்று உள்ளே புகுந்து பட்டையை உப்பவைக்கும், மறுநாள் வெயில் சுருங்கவைக்கும், உப்பிச் சுருங்கி உப்பிச் சுருங்கி, ஒட்டிய இடமெல்லாம் மறுபடி பொத்துப்பொத்தென்று சத்தம் கொடுத்தது. அவள் பலகைக்குப் பக்கத்திலேயே சோறு தின்றாள். ஆடிக் காற்றில் சுப்புத்தாயின் புருசன் நின்ற இடம் ஒரு பாளமாகக் கழன்று விழுந்து, பெருக்குகிறவள் அறியாமல் வாரிக் கொட்டிவிட்டாள். சுப்புத்தாய் வந்து வெறும் மரத்தைப் பார்த்தாள். அன்றைக்கு ஏசவில்லை. "இங்கயிருந்தும் போயிட்டானா" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரவே இல்லை.

வார்னிஷ் அடித்துவிட்டால் பட்டை நின்றுவிடும், அது அவளுக்கும் தெரியும். ஓரத்தில் தன் கையையே ஒரு இடத்தில் பதித்து, சூடு நிற்பதைப் பார்த்துக்கொண்டு, அதன்மேல் ஒரு பூச்சு கொடுத்துப் பார்த்தாள். பட்டை கல்லுப்போல் நின்றது. சூடு உள்ளே போய் மூடிக்கொண்டு, வெளியே ஒன்றும் தெரியவில்லை. பிச்சைக்கனி, "அந்தத் துண்டை மட்டும் கழத்தி எடுத்துருங்க மதினி. ஒங்க கத்திக்குத் தெரியாதா?" என்றார். அதையும், அதே மரத்தின் கழிவுத் துண்டொன்றில் பதித்த தன் கையை வைத்தே பார்த்தாள். கழற்றி எடுத்த பிறகும் பட்டையில் சூடு இருந்தது. முதலாளியிடம் போய்க் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "கொச்சிக்காரன் அந்தக் கவையப் பாத்துத்தான் பிடிச்சதே வடிவு. போட்டா எடுத்துட்டுப் போயிருக்கான். அதுல ஒரு ஓட்டை விழுந்தா வாங்கமாட்டான். ஐப்பசி வரைக்கும் வார்னிஷ் அடிக்காமக் கெடக்கட்டும், ஒம்மக வந்து தொட்டுக்கிடட்டும். அதுக்கு மேல என்னால ஆகாது." அவரால் ஆனது அது. அவள் அதை ஒப்புக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்தது. கோமு பதினேழாம் தேதி திருவனந்தபுரத்தில் இறங்கி, பஸ் ஏறி, சாயங்காலத்துக்குள் வந்துவிடுவாள் என்றிருந்தது. ஹோட்டல்காரர்கள் திறப்பு விழாவை முன்னால் இழுத்துவிட்டார்கள், லாரி பதினாறாம் தேதியே வந்து மில்லு வாசலில் நின்றது. முதலாளி கொச்சிக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார். ஒரு நாள் என்று கேட்டார், அரை நாள் என்று கேட்டார். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் வந்து, அண்ணன் முதுகு இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்று, "வடிவு, நீ அந்தத் துண்டை எடுத்துக்கோ. ஓட்டைக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்" என்றார்.

சேதி கேட்டு ஊரே வந்தது. அவரவர் வட்டத்துக்கு முன்னால் அவரவர் நின்றார்கள். இனிமேல் வைத்துக் காப்பாற்ற வழியில்லை என்றான பிறகு, கொச்சியில் யாரோ சாப்பிடுகிற மேசையில் மூடிக்கொண்டு கிடப்பதற்குப் பதிலாக நாமே வாங்கிக்கொள்வோம் என்று, ஒருத்தர் மாற்றி ஒருத்தர், ஒரு வருசமாக எட்டத்தில் நிறுத்தி வைத்திருந்த கையை இறக்கினார்கள். ஒரு நெல் தூரம்தான், அதை இறக்க ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவோ நேரம் ஆயிற்று. இரண்டு குடும்பமும் தபால்காரர் தோளைச் சேர்ந்தே தொட்டார்கள். தபால்காரரும் கூட நின்று அழுதார். பிள்ளைகள் செவலையைத் தடவினார்கள். முதலாளி தன் முதுகைக் கொண்டுபோய் அண்ணன் முதுகில் வைத்தார். கடைசியில் பலகை முழுக்க இருந்தது உயிரோடு இருக்கிறவர்களின் சூடு மட்டும்தான், கவையில் இருந்த ஒரு கையைத் தவிர.

செண்பகவடிவு வீட்டிலிருந்து முறத்தைக் கொண்டுவந்தாள். அதில் மாடக்கண்ணுவின் தோள்துண்டை நாலாக மடித்து விரித்தாள். "நான் ஏந்துதேன் மதினி, நீங்க கழத்துங்க, தானா வந்து துண்டுல விழட்டும்" என்று பிச்சைக்கனி முறத்தைக் கவைக்குக் கீழே அசையாமல் பிடித்துக்கொண்டார். அவள் வளைகத்தியைச் சாணையில் தீட்டி, ஒரு தரம் தன் நகத்தில் பதம் பார்த்தாள். அந்தக் கழிவுத் துண்டில் சோதித்ததைத் தவிர, ஒரு வருசத்துக்கு மேலாகத் தொடாத கருவி. சூட்டுக்கு வெளியே ஒரு விரற்கடை தள்ளிச் சுற்றிலும் கீறினாள். கத்தி முனையைப் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே நுழைத்தாள். தான் பத்து மில்லி பத்து மில்லியாக ஏற்றிய பசையைத் தானே மயிரிழை மயிரிழையாக அறுத்தாள். எங்கேயும் வெடிக்கவில்லை, எங்கேயும் பிளக்கவில்லை. ஒரு நெம்பு நெம்பினாள். அவள் வாழ்நாளில் உரித்த லட்சம் பட்டையில் இதைப்போல் ஒன்று கழன்றதில்லை, அவ்வளவு முழுசாக, அவ்வளவு சுத்தமாகக் கழன்று, அவள் இடது கைக்கு வந்தது.

முறம் கீழே காலியாக இருந்தது. முறத்துக்கும் பட்டைக்கும் நடுவில், ஏந்தினபடி, அவள் கை இருந்தது.

பிச்சைக்கனி முறத்தை மெல்ல இறக்கினார்.

"கை வந்துட்டுதே தம்பி" என்றாள் செண்பகவடிவு. "நான் கூப்பிடல. தானா வந்துட்டு."

"மதினி" என்றார் அவர். உலகம்மாள் வந்து அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை உலகம்மாள் அவள் தலையைத் தடவினாள். தெரியாமத்தானே செஞ்ச என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டாள். செண்பகவடிவு கையை விரிக்கவில்லை. ஒரு வருசம் எட்ட நின்ற பிறகு கிடைத்ததில், அவருடைய சூடு தன் உள்ளங்கைக்குள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இரண்டு மூச்சு நேரம் இருந்தது. மோதிர விரல் பாதியில் நின்றது அவளுக்குத் தெரிந்தது. பிறகு அது முழு விரலாயிற்று, அவள் விரலாயிற்று.

மத்தியானம் அவளே பலகைக்கு வார்னிஷ் அடித்தாள். ஊரின் சூடெல்லாம் உள்ளே மூடிக்கொண்டது. பூச்சு காய்ந்த பிறகு லாரி அதை ஏற்றிக்கொண்டு மலையேறிப் போனது.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில், மரமில்லாத வெயிலில் நின்று அவள் மகளைக் கூட்டிவந்தாள். வழியெல்லாம் சொல்லிவிடுவோம் என்றுதான் நினைத்தாள். நான் கெடுத்துட்டேன் கோமு, என் கை கெடுத்துட்டு என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்குள் வந்ததும் கோமு செருப்பைக்கூடக் கழற்றாமல், "எங்கம்மா?" என்றாள். முறத்தில் துண்டுக்குமேல் இருந்த பட்டையைச் செண்பகவடிவு முன்னால் வைத்தாள். சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கோமு கண்ணை மூடிக்கொண்டு கையை இறக்கிவிட்டாள்.

முதலில் உள்ளங்கை. பிறகு நாடி பார்க்கிறதுபோல் விரலை நகர்த்தி நகர்த்தி, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று அந்தச் சூட்டின்மேல் போனாள். மோதிர விரலுக்கு வந்ததும் அவள் விரல் நின்றது. பாதியில் முடியவேண்டிய இடத்தில் முடியவில்லை. அவள் விரல் அங்கேயே இருந்தது; திரும்ப ஒருதரம் அடியிலிருந்து நுனிவரைக்கும் போய்வந்தது. செண்பகவடிவு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கண்ணைத் திறக்கவில்லை. பட்டையை இரண்டு கையாலும் எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அப்பாதாம்மா" என்றாள்.

செண்பகவடிவு திறந்த வாயை மூடிக்கொண்டாள். முறத்தில் கிடந்த துண்டை மடித்துக்கொண்டே, "சோறு போடட்டா?" என்று கேட்டாள்.

"போடு. பசிக்கி" என்றாள் கோமு.

திதி முடிந்தது. நாற்பது நாள் விடுப்பும் முடிந்து, புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு கோமு மறுபடியும் மஸ்கட்டுக்குப் போனாள். போகிற அன்றைக்குப் பட்டையின்மேல் ஒருதரம் உள்ளங்கையைப் பதித்து எடுத்து, அதைத் துண்டில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, "நீயே வச்சுக்கோ, கஸ்டம்ஸ்ல கேள்வி கேப்பான்" என்று சொன்னாள். அதைப் பற்றி அம்மாவும் மகளும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினதில்லை.

இப்போதும் செண்பகவடிவு மில்லுக்குப் போகிறாள்; தையில் தேய்பிறையில் வெட்டின மரத்துக்கு மட்டும் பட்டை காப்பாற்றித் தருகிறாள். காலையில் கிளம்புவதற்கு முந்தி அலமாரியைத் திறந்து துண்டை விலக்குவாள். உள்ளே ஐந்து விரலும் முழுசாக, நகம் ஒட்ட வெட்டின ஒரு சின்னக் கை சூடாக இருக்கும். அவள் இடது கையைச் சேலை முந்தானையில் நாலு சுற்றுச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வலது கையை மட்டும் நீட்டுவாள், ஒரு நெல் தள்ளி.